குந்தவையின் நகைப் பட்டியல்

சரித்திர நாவல், துப்பறியும் நாவல் இரண்டையும் கலந்து, நடுவில் அழகும் அலங்காரமும் கொண்ட ஒரு பெண்ணை நிறுத்தி, போலீசுக்குப் புரியாததை அவளுக்குப் புரியவைக்கிற காரியம் ஆங்கிலத்தில் இன்று ஒரு மில் ஓடுகிற வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கெர்ரி கிரீன்வுட் 1989-இல் தொடங்கிவைத்த பிரைனி ஃபிஷர் இந்த வகையின் உற்சவ மூர்த்தி. 1920-களின் மெல்போர்ன் நகரம், பட்டு உடை, பெரிய கார், கைத்துப்பாக்கி, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பணம். இவற்றை இலக்கியம் என்று நான் சொல்லவரவில்லை. கோவைக்கும் கரூருக்கும் இடையே பஸ்ஸில் போகிறபோது படிக்கலாம். இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஒரு வகை எழுத்து ஒரு மொழியில் செழித்து, பக்கத்து மொழியில் முளைக்காமலே போனால், அதற்கு மண்ணில் ஏதோ காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்திலிருந்தும் இந்த வகையில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், ஆங்கிலத்தில். சுஜாதா மாஸி 2018-இல் எழுதிய நாவலில் 1921-இன் பம்பாய். பெர்வீன் மிஸ்திரி என்ற பார்ஸிப் பெண் வக்கீல். இறந்துபோன ஒரு மில் முதலாளியின் மூன்று விதவைகள் கோஷாவில் இருக்கிறார்கள். தங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் பெயரில் வந்திருக்கும் கடிதத்தின் கையெழுத்துகள் பெர்வீனுக்கு உறுத்துகின்றன. ஆண்கள் யாரும் அந்தத் திரைக்குப் பின்னால் போய்க் கேட்க முடியாது, அவள் போகலாம். ஆக, அவள் பெண்ணாக இருப்பது இங்கே அலங்காரம் அல்ல, துப்பறிவதற்கான கருவி. பெர்வீனுக்குப் பின்னால் ஒரு நிஜமான பெண் நிற்கிறார்: கோர்னீலியா சொராப்ஜி, 1904-இலிருந்து வங்காளத்தில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் சார்பில் அந்தப்புரத்துப் பெண்களுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர். அடுத்து ஹரிணி நாகேந்திரா, பெங்களூரில் சூழலியல் ஆய்வாளர். 2022-இல் தொடங்கிய அவருடைய வரிசையிலும் அதே 1921தான். டாக்டர் புருஷனோடு குடித்தனம் நடத்த வந்த காவேரி என்ற இளம்பெண், கணிதத்தில் பித்து, காரோட்டக் கற்றுக்கொள்கிறாள். வக்கீலும் இல்லை, போலீசும் இல்லை. சுத்தமான அமெச்சூர்.

இருவரும் 1921-ஐப் பிடித்தது தற்செயல் அல்ல என்றே எனக்குப் படுகிறது. அந்த வருஷங்களில்தான் இந்நாட்டில் படித்த ஒரு பெண் ஒரு காகிதத்தைக் கையில் வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே பார்ப்பது சாத்தியமாகிறது. துப்பறிவது என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். பூதக்கண்ணாடியும் தொப்பியும் சினிமாக்காரர்கள் சேர்த்தது.

தமிழில் துப்பறியும் கதை புதிதல்ல. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இலேயே வந்துவிட்டது. அதில் துப்பறிகிறவர் கோவிந்தன். பெயரைக் கொடுத்தவள் பெண், மூளையைக் கொடுத்தவர் ஆண். பின்னால் பாக்கெட் நாவல் யுகம் வந்தபோது எங்கள் கோவையின் ராஜேஷ்குமார் விவேக்கோடு ரூபலாவைச் சேர்த்தார். பட்டுக்கோட்டை பிரபாகர் பரத்தோடு சுசீலாவைச் சேர்த்தார். சுசீலாவின் பனியனில் என்ன வாசகம் அச்சிட்டிருக்கிறது என்பதை ஒரு தலைமுறைப் பையன்கள் கொலையாளி யார் என்பதைவிட அக்கறையாகப் படித்தார்கள். கவர்ச்சி இருந்தது, பெண் இருந்தாள், துப்பும் இருந்தது. ஆனால் மூன்றும் ஒரே ஆளிடம் சேரவில்லை. சரித்திரம் அந்தப் பக்கமே வரவில்லை. சரித்திரத்துக்கு வேறு கடை, வேறு போர்டு.

அந்த வேறு கடையில்தான் குந்தவை இருக்கிறாள்.

கல்கியை இலக்கியத்தில் சேர்க்காதவர்களின் கட்சிதான் நானும். அதில் மாற்றம் இல்லை. 'பொன்னியின் செல்வன்' 1950-இலிருந்து 1954 வரை வாராவாரம் வந்த தொடர். வாரத்துக்கு ஒரு திருப்பம் என்பது அதன் உடற்கூறு. அந்த உடற்கூறுக்கு மேலே ஒரு பார்வை அதில் எழும்பவில்லை. ஆனால் துப்பறியும் கதை என்ற கோணத்தில் மறுபடி படித்தபோது, கல்கி தன் கையில் என்ன வைத்திருந்தார் என்பது ஆச்சரியமாக இருந்தது. அந்த நாவலே ஓலைகளால் நடக்கிறது. காஞ்சியிலிருந்து ஓலை வருகிறது. பழையாறையிலிருந்து ஈழத்துக்கு ஓலை போகிறது. யார் எதைப் படித்தார்கள், யாரிடம் மறைத்தார்கள் என்பதுதான் கதை. எல்லா ஓலைகளும் கடைசியில் ஒரு பெண்ணின் மூளையில் வந்து சேர்கின்றன. வந்தியத்தேவன் ஊர் சுற்றிப் பொறுக்கிக்கொண்டு வருகிறவற்றை அவள் கோத்துப் பார்க்கிறாள். நந்தினி யார் என்று ஊகிக்கிறாள். ஆதித்த கரிகாலன் கடம்பூருக்குப் போகக்கூடாது, போனால் விபரீதம் என்று நடப்பதற்கு முன்பே கண்டுகொண்டு, தடுக்க ஆள் அனுப்புகிறாள். ஷெர்லாக் ஹோம்ஸுக்குக்கூடப் பெரும்பாலும் கொலை நடந்த பிறகுதான் தெரியும்.

பிறகு கடம்பூரில் விளக்கு அணைகிறது, ஆதித்தன் சாகிறான். இந்த இடத்திலிருந்து குந்தவை துப்பறிகிறவள் அல்ல. தமையனை இழந்த தங்கை, காதலன் மேல் பழி விழுந்துவிட்ட காதலி. இரண்டு துக்கங்களைக் கல்கி அவளிடம் கொடுத்துவிட்டு, வழக்கை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார். உண்மை (அதை உண்மை என்று சொல்ல முடிந்தால்) விசாரணையால் வருவதில்லை. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதால் ஒரு மாதிரி முடித்துவைக்கப்படுகிறது. ஐந்து பாகம் முழுக்க நம்மை அழைத்துவந்த கேள்விக்கு ஒரு கிழவரின் வாக்குமூலம் பதில். நாவலாசிரியருக்கு வரலாறு தடைபோட்டது என்பார்கள். வரலாறு யாருக்கும் தடைபோடவில்லை. குந்தவை கேள்வி கேட்கத் தொடங்கினால் எந்த வாசலில் போய் நிற்பாள் என்பது கல்கிக்குத் தெரிந்திருந்தது, அதனால் நிறுத்திவிட்டார் என்பது என் அபிப்பிராயம். அவளுடைய சொந்த வாசல்தான் அது.

2022, 2023-இல் வந்த மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் இதே சந்தேகத்தோடு பார்த்தேன். திரிஷா, ஐஸ்வர்யா ராய் இருவருக்கும் போட்டிருந்த நகைகளைப் பற்றி எங்கள் கிளைக்கு வருகிற பெண்கள் வாரக்கணக்கில் பேசினார்கள். யார் கொன்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஜோசஃபின் டே எழுதிய 'தி டாட்டர் ஆஃப் டைம்' கையில் கிடைத்தது. 1951-இல் வந்தது, கல்கி இங்கே தொடர் எழுதிக்கொண்டிருந்த அதே காலம். கால் உடைந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் ஓர் இன்ஸ்பெக்டர், ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கொலையை விசாரிக்கிறார். சிற்றப்பன் மூன்றாம் ரிச்சர்ட், அண்ணன் பிள்ளைகளான இரண்டு இளவரசர்களைக் கொன்றானா? ஒரு நடிகை, இவருக்குப் பொழுது போகட்டும் என்று பழைய முகப்படங்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள், அதிலிருந்து பிடித்துக்கொள்கிறார். அழகி இங்கேயும் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாள் என்பது வேறு விஷயம். நாவலின் பலம் அதன் தர்க்கத்தில் இருக்கிறது. ரிச்சர்டை வீழ்த்திவிட்டு வந்த ஏழாம் ஹென்றி, தோற்றவனின் சொத்தையும் பேரையும் பறிக்கிற சட்டத்தில் அவன்மேல் எத்தனையோ குற்றம் சாட்டுகிறான். இளவரசர்களைக் கொன்றான் என்று மட்டும் திட்டமாகச் சொல்லவில்லை. ஏன்? எழுதப்படாத ஒரு வரிதான் அங்கே துப்பு. பறிமுதல் பத்திரம் ஒன்றை ஒரு துப்பறியும் நாவலின் நடுவில் வைக்கலாம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

நம்மிடம் அப்படி ஒரு பத்திரம், காகிதத்தில் அல்ல, கல்லிலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது சுமார் கி.பி. 987. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணையை அது சொல்கிறது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பட்டங்கள். அரசாங்கத்தில் பதவி வகித்தவர்கள். இரண்டாவது பட்டத்தில் சோழன் பெயரே இருக்கிறது. அவர்களுடைய உடைமைகளும், அவர்கள் மக்கள், தாய்மார், பெண் கொடுத்த வகை, எடுத்த வகை என்று சுற்றத்தாரின் உடைமைகளும் விற்பனைக்கு வருகின்றன. ஒருவர் பொன் கொடுத்து நிலத்தை வாங்கி, கோயிலில் அன்னமிடும் அறத்துக்கு வைக்கிறார். அந்த அறத்தைப் பதிவு செய்யத்தான் கல்லே வெட்டப்பட்டது. கொலை அதில் நில வரலாற்றின் ஒரு பகுதியாக, வில்லங்கச் சான்றிதழில் வருகிற பழைய கிரயம் மாதிரி வருகிறது.

இதை வாசிக்க ஒரு பாங்கு குமாஸ்தாவுக்குச் சரித்திரப் பட்டம் தேவையில்லை. வருஷத்தைப் பார்த்தால் போதும். ஆதித்தன் இறந்தது சுமார் 969-இல். அடுத்து உத்தம சோழன், 985 வரை. ராஜராஜன் வந்த இரண்டாம் வருஷத்தில் பத்திரம். பதினேழு பதினெட்டு வருஷம் ஒரு கோப்பு எங்கே கிடந்தது? நீலகண்ட சாஸ்திரி இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் உத்தம சோழன்மேல் சந்தேகம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. தண்டனை அந்த வருஷம்தான் தொடங்கியது என்று கல் சொல்லவில்லையே, சொத்து கைமாறியதைத்தானே சொல்கிறது என்று வாதிட இடம் உண்டு. பின்னால் வந்தவர்கள் சிலர் விரலை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள்: லாபம் அடைந்தது ராஜராஜன்தானே, அவனுடைய அக்காள்தானே? 'சங்கதாரா' என்ற நாவல் குந்தவையையே சந்தேகக் கூண்டில் ஏற்றிப் பார்த்தது. துப்பறிய வேண்டியவளைக் குற்றவாளி ஆக்குவது நம் ஆட்களுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

அரச குடும்பத்தின் சொந்தக் குரல் இன்னும் சுவாரசியம். ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்று கடந்துபோகிறது. சொந்தப் பெரியப்பன் வெட்டுண்டு செத்ததை ஓர் அரசவைக் கவிஞன் இவ்வளவு நாசூக்காகச் சொல்கிறான். ஆபீஸ் மொழி ஆயிரம் வருஷமாக மாறவே இல்லை.

சரி, நிஜக் குந்தவை என்ன சொன்னாள்? அவளும் கல்லில் பேசியிருக்கிறாள், ஏராளமாக. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் தான் கொடுத்ததையும் தன் அக்காள் கொடுத்ததையும் மனைவியர் கொடுத்ததையும் பிறர் கொடுத்ததையும் வெட்டச் சொல்கிறான். அந்த வரிசையில் தனக்கு அடுத்து அக்காள், பெண்டாட்டிகள் அப்புறம்தான். அங்கே அவள் வல்லவரையர் வந்தியதேவரின் மகாதேவி. ஆடவல்லானுக்கும் தட்சிணமேரு விடங்கருக்கும் உமையின் திருமேனிகளை எழுந்தருளுவித்தாள். பொன் மாளிகையில் இறந்த தகப்பன் சுந்தர சோழனுக்கும் தாய்க்கும் படிமம் செய்துவைத்தாள். அந்தத் திருமேனிகளுக்குப் போட்ட நகைகளின் பட்டியல் ஹுல்ட்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் பக்கம் பக்கமாகப் போகிறது.

நான் அந்தப் பட்டியலைப் படித்தது ஒரு நகைக்கடன் குமாஸ்தாவாக. வெள்ளகோவிலில் பாங்குக் கிளை என்றால் நகைக்கடன்தான். விசைத்தறிக்குப் பாவு நூல் வாங்க, தேங்காய்க் களத்துக் கூலி கொடுக்க, பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்ட, எல்லாவற்றுக்கும் கழுத்திலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் மொத்த எடை, கல் போக எடை, அரக்குக்குக் கழிவு, நிகர எடை என்று எழுதுவது என் வேலை. தஞ்சைக் கல்லிலும் அதுவேதான். பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது, மணியும் முத்தும் வைத்த நகை 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது என்று எடைக்கல்லின் பெயரோடு ஆரம்பம். இன்ன நகையில் முத்து இத்தனை. அதில் வட்டம் எத்தனை, ஏறக்குறைய வட்டம் எத்தனை, சப்பட்டை எத்தனை, இரட்டையாக ஒட்டியது எத்தனை. வைரத்தில் கீறலும் புள்ளியும் உள்ளது எத்தனை. கோத்த சரடும் அடைத்த அரக்கும் சேர்ந்து எடை எத்தனை. கழஞ்சு, மஞ்சாடி, குன்றிவரை. கொடுத்தவள் ஓர் அரசி, வாங்கியது கடவுள். ஆனாலும் ஒரு குறை உள்ள முத்து நல்ல முத்து என்ற பெயரில் உள்ளே போகவில்லை.

அதைப் படித்த ராத்திரி எனக்கு வந்த எண்ணம் இது. ஒரு முத்தின் கீறலைக்கூடக் கணக்கில் விட மனம் வராத அரசாங்கத்தில், அதன் மையத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, தன் சொந்தத் தம்பியோ அண்ணனோ எப்படிச் செத்தான், யார் கையால், யார் சொல்லி என்பது மட்டும் கலங்கலாகவா இருந்திருக்கும்? எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் தெரிந்து வைத்திருந்தாள். எழுதவில்லை. நகையை எழுதினாள், நிலத்தை எழுதினாள், தஞ்சையில் தகப்பன் பெயரால் வைத்த ஆதுலசாலைக்குக் கொடுத்ததை எழுதினாள். ஆதித்தனை எழுதவில்லை. ஜோசஃபின் டே சொன்ன எழுதப்படாத வரி நம் பக்கத்தில் இதுதான்.

கவர்ச்சியான அமெச்சூர் என்ற அந்த ஆங்கில வகையில் கவர்ச்சிக்கு ஒரு தந்திர உபயோகம் இருக்கிறது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதால், அவள் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. நம் மரபில் அலங்காரம் இன்னும் நேரடியாகவே தடயம் ஆகிவிடுகிறது. சீதை ஆகாயத்திலிருந்து முடிந்து போட்ட நகை மூட்டையைச் சுக்ரீவன் எடுத்துக் காட்டுகிறான், வழி தெரிகிறது. ஆனால் தடயத்தை வாசிக்கிற வேலை ஆண்களுக்கு. ஒரே ஒருத்தி விதிவிலக்கு. கண்ணகி சபைக்குப் போய், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி, தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று ராஜா வாயாலேயே வரவழைத்து, பிறகுதான் தன் சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டுகிறாள். எதிராளியின் வாக்குமூலம் முதலில், சான்றுப்பொருள் அடுத்து. எந்த வக்கீலும் இதைவிட ஒழுங்காகச் செய்ய முடியாது. அதன் பிறகு நாம் அவளுடைய கோபத்தை வைத்துக்கொண்டோம், கற்பை வைத்துக்கொண்டோம், மெரினாவில் சிலையும் வைத்தோம். அந்த விசாரணை முறையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் அண்ணமார் கதை உண்டு. பொன்னர் சங்கருக்குத் தங்கை தங்காள். உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் 1965-இல் அதை முழுசாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். கொங்குச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1972-இல் வந்தது. கதையில் தங்காளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும், கனவில். அண்ணன்மார் கேட்பதில்லை. செத்த பிறகு படுகளத்துக்குப் போய்ப் பிணங்களுக்கு நடுவே தேடிக் கண்டுபிடிப்பதும் அவள்தான். கல்கியின் குந்தவை கடம்பூருக்கு முன்னால் இருந்த நிலை இதுவேதான் என்று நினைக்கிறேன். தெரிவது பெண்ணுக்கு அனுமதி. கேட்பது அனுமதி இல்லை. கேட்டாலும் அது புலம்பல் என்ற பெயரில்தான் சபையில் ஏறும்.

என் அம்மிச்சிக்கு ஒரு தம்பி. 1958-இல், கவலை இறைக்கப் போனவர் கிணற்றில் கிடந்தார். கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஊர் சொன்னது, பங்காளிகள் சொன்னார்கள், அதோடு முடிந்தது. தூக்கிப் போட்டபோது ஒரு காதில் கடுக்கன் இல்லை. தண்ணீரில் விழுகிறவனுக்குக் கடுக்கன் திருகு தானாகக் கழலாது. அம்மிச்சிக்கு அப்போது இருபத்திரண்டோ மூன்றோ. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோடு பற்றவைக்க வேண்டும் என்ற சாக்கில், சுற்றுவட்டத்தில் இருந்த நகை ஆசாரிகள் ஒவ்வொருவரிடமும் போயிருக்கிறாள். நல்ல சேலை கட்டி, இருந்ததையெல்லாம் பூட்டிக்கொண்டு போனாளாம். இல்லாவிட்டால் ஆசாரி உட்காரவைத்துப் பேசமாட்டார். ஒற்றைக் கடுக்கன் ஒன்று உருக்க வந்ததா என்று எங்கேயும் நேராகக் கேட்கவில்லை. தன் தோட்டுக்கு ஜோடி தொலைந்துவிட்டது, ஒற்றை ஏதும் விலைக்கு வந்ததா என்றுதான் கேட்டிருக்கிறாள். மூன்றாவது ஆசாரி பதில் சொல்லாமல் ஊதுகுழலைக் கையில் எடுத்துக்கொண்டாராம்.

அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த சாட்சியம். அதை வைத்துக்கொண்டு அறுபது வருஷம் இருந்தாள். ஒரு குறிப்பிட்ட வீட்டு விசேஷத்தில் கை நனைக்கமாட்டாள். போவாள், மொய் வைப்பாள், வந்துவிடுவாள். யார் என்று எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், தெரிந்துமா சும்மா இருந்தீங்க அம்மிச்சி என்று கேட்டேன். "சொன்னா யாரு சாமி எழுதிக்கப் போறாங்க?" என்றாள். பிறகு, பாங்கில் நகைக்கு எத்தனை சீட்டு எழுதுவீர்கள், அதில் ஒன்று வைக்கிறவர்களிடம் கொடுப்பீர்களா என்று விசாரித்தாள்.

இதைக் கேட்டுக்கொண்டே என் கவுண்டருக்கு வருகிற பெண்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். புருஷனோ மகனோ பக்கத்தில் நிற்க, கைநாட்டோ கையெழுத்தோ போடுகிறார்கள். மிகச் சிலர் மட்டும், பின்னால் வரிசை முணுமுணுக்க, சீட்டைத் திருப்பி வைத்து விரல் ஓட்டிப் படிப்பார்கள். "ஏனுங்க, கல்லுக்கு இத்தனை கழிச்சிருக்கீங்களே?" அந்த ஒரு நிமிஷம் எனக்குக் குந்தவையின் பட்டியல் ஞாபகம் வரும். மதிப்பீட்டாளருக்கு எரிச்சல் வரும்.

ஆகவே நம் மொழியில் அந்த நாவல் ஏன் இல்லை என்றால், அழகிகளுக்குப் பஞ்சமா, கொலைக்குப் பஞ்சமா, சரித்திரத்துக்குப் பஞ்சமா? பம்பாய்க்காரிக்கும் பெங்களூர்க்காரிக்கும் கேட்ட பிறகு போய்ச் சொல்ல ஓர் இடம் இருந்தது. கோர்ட் இருந்தது, நேர்மையான ஓர் இன்ஸ்பெக்டராவது இருந்தார், கதைக்குள்ளாவது. துப்பறியும் நாவல் சான்றைக் காட்டினால் சபை ஏற்கும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. கண்ணகிக்குக்கூட அந்த நம்பிக்கை இருந்தது. அவளுடைய பாண்டியன் சான்றைப் பார்த்துவிட்டுச் செத்தான். உடையார்குடிக் கல்லை வெட்டியவர்கள் காலத்தில் அது எந்த அளவுக்கு இருந்தது என்று எனக்குத் தோன்றுவதை எழுதினால் சோழப் பிரியர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

நம்மில் நாவல் எழுதத் தெரிந்த யாராவது இதை எழுதலாம். ஆனால் குந்தவையைத் துப்பறிகிறவளாக வைக்க வேண்டாம் என்பேன். அவள் தெரிந்தவள், தெரிந்தவளுக்குத் தேட என்ன இருக்கிறது? அந்த ஆணையில் பெயரில்லாமல் வருகிற தாய்மாரும் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் இருக்கிறார்களே, அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி வர வேண்டும். ரவிதாசன் வீட்டு மருமகளாகவோ, சோமன் வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டுப் போன பெண்ணாகவோ இருக்கலாம். கொலை நடந்தபோது பிறந்திருக்கவே மாட்டாள். ஒரு காலையில் மனை போய்விட்டது, நிலம் போய்விட்டது. என் மாமன் இதைச் செய்தானா, செய்தான் என்றால் யாருக்காகச் செய்தான் என்று அவள் கேட்க வேண்டும். வீரநாராயணபுரத்திலிருந்து பழையாறைக்கு நடந்தே போக வேண்டும். அலங்காரமும் வேண்டும், இருப்பதையெல்லாம் பூட்டிக்கொண்டுதான் அரண்மனை வாசலில் நிற்க முடியும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே ஐம்பதை நெருங்கும் குந்தவை, மடியில் கணக்கு ஓலை, பக்கத்தில் தராசு. வந்தவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் காதையும் கழுத்தையும் ஒருமுறை பார்த்து, எது சொந்தம், எது இரவல் என்று எடைபோட்டு முடித்திருப்பாள்.